டீமேக்கர் குரலுக்குப் பொருத்தம் பார்த்த கதை

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் உட்காருகிறவளுக்கு டாக்டரின் பொறுமையும் ஜோசியரின் வாய்ச்சாலகமும் வேண்டும். எனக்கு இரண்டாவது மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

நான் வேலைக்குப் போகிறவள் இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். குன்னூர் மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருப்பவர் என் வீட்டுக்காரர் சேகர். விண்டோஸ் பத்துக்கு இனிமேல் சப்போர்ட் கிடையாது, எல்லோரும் பதினொன்றுக்கு மாறுங்கள் என்று மலையிலிருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றுவிடாமல் அறிவித்த சமயம் பார்த்து, கடையில் உதவிக்கு இருந்தவர் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சமையலை முடித்து, குக்கரின் ஆவி அடங்குவதற்குள் நான் கடைக்கு ஓட ஆரம்பித்தேன். 'உங்கள் கம்ப்யூட்டர் தகுதி பெறவில்லை' என்ற வரியைப் படித்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நீங்களும் ஒருநாள் நின்றிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் என் சாதிசனம். உட்காருங்கள், சொல்கிறேன்.

எந்தப் பக்கத்துச் சப்போர்ட்?

முதலில் இந்தத் தொழிலின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எதையும் மறைப்பதில்லை. தனக்கு என்ன நோவு என்று திரையில் எழுதியே காட்டுகிறது. யாரும் படிப்பதில்லை. என் வீட்டுக்காரரும் படிப்பதில்லை. அவருக்குக் கை வேலை சுத்தம். ஆனால் திரையில் நாலு வரி வந்தால் ஓகே, ஓகே என்று தட்டிக்கொண்டே போவார், பஸ்ஸில் ஏறிய கண்டக்டர் மாதிரி. நான் கான்வென்டில் படித்தவள். கேள்வியை இரண்டு தடவை படிக்காமல் பேனாவைத் தொட்டால் முட்டியில் ஸ்கேல் விழும். அதனால் வேலைப் பிரிவினை இப்படி: அவர் ஸ்க்ரூவைக் கழற்றுவார், நான் வாசிப்பேன்.

பதினொன்றுக்கு மாற முடியுமா என்று பார்ப்பது கல்யாணப் பொருத்தம் பார்ப்பதேதான். மெமரி இருக்கிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, பிராசஸர் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, டிபிஎம் என்று ஒரு பாதுகாப்புச் சில்லு உண்டா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் பொருந்தி அந்தச் சில்லு மட்டும் இல்லாவிட்டால், ரஜ்ஜு தட்டின ஜாதகம் மாதிரி மூடி வைத்துவிட வேண்டியதுதான். இதை ஒருநாளைக்கு எத்தனை பேருக்கு விளக்குவது?

இத்தலாரிலிருந்து ஒரு கேரட் விவசாயி வந்தார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். போனில் அப்பாவிடம், 'சப்போர்ட் போகப்போகுது, சீக்கிரம் பாருங்க' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இவர் என்ன செய்வார்? நம் ஊரில் சப்போர்ட் என்றால் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் தாங்குகிற சுவர். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிப் பார்த்து, கொத்தனாரையும் வரச் சொல்லிவிட்டு, அப்புறம் சந்தேகம் வந்து கடைக்கு வந்திருக்கிறார். நான் கம்ப்யூட்டர் சப்போர்ட்டைப் பற்றி மூச்சுவிடாமல் விளக்கி முடித்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றி ஈரத்தை உதறியபடி அவர் சொன்னார்: "சுவர் நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். நீங்க சொல்ற சப்போர்ட் எந்தப் பக்கம் இருக்குதுன்னு காட்டுனீங்கன்னா அதையும் கட்டிப்போடலாம்."

எத்தனாவது தலைமுறை?

அந்த வாரத்திலேயே ஒரு போன். எடப்பள்ளியிலிருந்து பாக்கியம் என்று ஒரு பெண்மணி. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது, அதைப் புதுசுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். நான் கேள்விகளை அடுக்கினேன். இந்த மாதிரி போன்கள் அன்றைக்கு வரிசையில் நின்றன, எனக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. எந்த ஜெனரேஷன் என்று கேட்டேன். புரியலைங்க என்றார். எத்தனாவது தலைமுறை, அதைச் சொல்லுங்கள் போதும் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, தான் நாலாவது என்றார். பூட்டன் சிலோன் தோட்டத்துக்குக் கப்பலேறியவர், அப்பா குடும்பத்தோடு திரும்பி நீலகிரிக்கு வந்தவர், தான் இங்கே இறங்கியபோது மூக்கொழுகும் பிள்ளை. இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசவில்லை. எனக்கே அது ஆச்சரியம். நான் உங்களைக் கேட்கவில்லை, மிஷினைக் கேட்டேன் என்றதும், அது தன் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் என்றார். அவரிடம் போனைக் கொடுங்கள் என்றேன். அவர் பேச மாட்டார் என்றார். ஏன், வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டுவிட்டேன்.

பாக்கியம் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "அவரு வாயே நாளைக்கு உங்க கடைக்குக் கொண்டாரப்போற பெட்டியிலதாங்க இருக்கு."

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து

மறுநாள் ஜீப்பில் வந்தது பெட்டி. கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் சண்முகம். ஒரு டீ ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவர். அதாவது கொழுந்து உள்ளே வந்து தூளாகி வெளியே போகும்வரை அத்தனைக்கும் பொறுப்பு. கொழுந்தை நசுக்கும் ரோலர்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே வேலை வாங்கியவர். ஒரு கட்டத்தில் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது என்றார்கள்.

அந்தச் சமயம் ஃபேக்டரியைப் பார்க்க வந்த இஞ்சினியரிங் மாணவர்கள் சிலர், படிப்புக்கு ஒரு புராஜெக்ட் வேண்டுமென்று அலைந்துகொண்டிருந்தார்கள். இவரை டீ ருசி பார்க்கும் அறையில் உட்கார வைத்து, அ முதல் ஃ வரை, க கா கி கீ என்று ஒன்று விடாமல், இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும், போதாததற்கு ஜ, ஸ வரிசைகளையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். தமிழில்தான் எழுத்தை உச்சரித்தால் அதுவே ஒலி ஆயிற்றே. எழுத்தைத் தட்டினால் அந்தந்த ஒலியைக் கோத்து வார்த்தையாகப் பேசுகிற ஒரு புரோகிராம் எழுதி, அந்தக் காலத்து விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவர் இரண்டு விரலால் தட்டுவார், பெட்டி பேசும். மகள் ரேவதி அந்தக் குரலில்தான் வாய்ப்பாடு கேட்டு வளர்ந்தவள்.

இப்போது அந்த ரேவதிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து 'பெண்ணைத் தருகிறீர்களா' என்று மூன்று முறை கேட்பார்கள். பெண்ணின் அப்பா மூன்று முறையும் வாய்விட்டு 'தர்றேன்' என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது, அது அவர்கள் வழக்கம். அப்பாவுக்குப் பேச்சு இல்லையென்றால் சித்தப்பா சொல்லட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பியிருந்தார்கள். சண்முகத்துக்கு அது ஆகவில்லை. தை பிறந்ததும் நிச்சயம், அதற்குள் பெட்டி பேச வேண்டும், இவ்வளவுதான் விஷயம் என்று கூட வந்திருந்த பாக்கியம் முடித்தார்.

என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். மதர்போர்டில் கப்பாசிட்டர்கள் வயிறு உப்பிப்போய் நின்றன. கொஞ்ச நேரம் ஓடும், சூடானால் செத்துவிடும். எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று மேஜையில் வைத்து இணைத்தார். நான் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தேன். சண்முகம் ஒரு வாய் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, கீபோர்டை இழுத்துக்கொண்டார். எழுத்து எழுத்தாக, ஏற்ற இறக்கமில்லாமல், ஆனால் கனமான, புகைபிடித்தவர்களுக்கு வருவதுபோல அடிக்கட்டையில் கரகரத்த ஒரு மனிதக் குரல் கடையை நிறைத்தது. ஜெராக்ஸுக்கு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம், "இதுக்குப் பேரு டீ இல்லைம்மா, கொதிக்கவெச்ச டஸ்ட்டு."

அடுத்த வார்த்தை வருவதற்குள் பெட்டி அணைந்தது. பிறகு அது எழுந்திருக்கவில்லை.

சிடியில் பூத்த பூசணம்

ரேவதி அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த புது லேப்டாப் இருந்தது. பதினொன்று போட்டது, எல்லாப் பொருத்தமும் உள்ளது. பழைய பெட்டி செத்தாலும் அதன் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தது. அப்புறம் என்ன, புரோகிராமை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காப்பி செய்த ஃபோல்டரைத் திறந்தால், 'இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது' என்று வந்தது. முறைப்படி இன்ஸ்டால் செய்யலாமென்று, மாணவர்கள் கொடுத்த சிடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். மலைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் போக பீரோவுக்குள் பல்பு எரியவிடாத வீட்டில் செருப்பு, பெல்ட், கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் பூப்பது அந்த சிடியிலும் பூத்திருந்தது. கோலம் மாதிரி.

காம்பாட்டிபிலிட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் போய் எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்தால், பழைய புரோகிராமிடம் 'இன்னும் எக்ஸ்பி காலம்தான் நடக்கிறது, நீ பாட்டுக்கு ஓடு' என்று விண்டோஸ் பொய் சொல்லும். என்ன நாகரிகமான பொய் என்று நான் அசந்துபோனேன். புரோகிராம் நம்பவில்லை. குரல் இருந்த ஃபைல்களைத் தனியாக எடுக்கவும் வழியில்லை. அந்தப் புரோகிராமைத் தவிர வேறு எதற்கும் திறக்காத ஏதோ ஒரு முடிச்சில் கட்டி வைத்திருந்தார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்தாள் ரேவதி. இப்போது வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறார். வீடியோ காலில் அவரிடம் நான் நேரடியாகக் கேட்டேன், புரோகிராமுக்கு எழுதிய மூலப்பிரதி எங்கேயாவது இருக்கிறதா என்று. அதை வைத்திருந்த லேப்டாப்பே தொலைந்துவிட்டது என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "ஆன்ட்டி, அது நாங்க மார்க்குக்காகப் பண்ணினது. அந்த அங்கிள் இத்தனை வருஷமா அதுலயா பேசிட்டிருக்காரு?"

வேற்றாள் குரல்

எனக்கு இந்த ஒப்பாரி பிடிக்காது. இப்போதெல்லாம் போனிலேயே தமிழ் பேசுகிற ஆப் இருக்கிறது, ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்தி நிதானமாக, டிவியில் செய்தி வாசிக்கிறவர் தோற்கிற மாதிரி. அதைப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றேன். யாரும் மறுக்கவில்லை. சண்முகம் போனை வாங்கி, மாத்திரை எங்கே பாக்கியம் என்று தட்டினார்.

குரல் வந்தது. அட்சர சுத்தம். பாக்கியம் சட்டென்று எழுந்து நின்று முந்தானையைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டார். அப்புறம் தான் செய்ததைத் தானே உணர்ந்து, வெட்கத்தோடு உட்கார்ந்தார். சண்முகம் போனைத் திருப்பி வைத்தார். இன்னும் நல்ல குரல்கள் இருக்கின்றன, வயதான குரல்கூட இருக்கிறது என்று நான் தேடிக் காட்டிக்கொண்டே போக, பாக்கியம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேத்து ஆம்பளை வீட்டுக்குள்ள நின்னு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்குங்க. ஏசினாலும் இவரே ஏசட்டும்."

நான் போனை மூடினேன்.

பெட்டிக்குள் பெட்டி

என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. புரோகிராம் புது வீட்டுக்கு வர மறுக்கிறது அல்லவா, அதன் பழைய வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டால்? புது லேப்டாப்புக்குள் இல்லாத ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்குவது. அதற்கு இல்லாத மெமரி, இல்லாத மதர்போர்டு, இல்லாத ஸ்பீக்கர். அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்குள் சண்முகத்தின் பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து வைத்துவிடுவது. அதற்கு வெளியுலகம் தெரியவே கூடாது, இன்டர்நெட்டைத் துண்டித்துவிடலாம். தான் இன்னொரு பெட்டியின் வயிற்றில் இருப்பது உள்ளே இருப்பதற்குத் தெரியாது.

கேட்க நன்றாக இருந்தது. செய்தால் எழுந்திருக்கவில்லை. அவர் தினமும் சாயங்காலம் மெனக்கெட்டார். ஒரு எச்சரிக்கை வரும், ஓகே தட்டுவார், நின்றுபோகும். மறுபடி வரும், ஓகே தட்டுவார். மார்கழி முடிந்துகொண்டிருந்தது. ஒருநாள் நான் அவர் கையைத் தள்ளிவிட்டு அந்த எச்சரிக்கையைக் கடைசி வரிவரை படித்தேன். இந்த வேலைக்கு வேண்டிய ஒரு வசதி லேப்டாப்பிலேயே இருக்கிறது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அதைப் போடுங்கள் என்று எழுதியிருந்தது. இவ்வளவுதான். இத்தனை நாளும் அது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

போட்டோம். கறுப்புத் திரை, சில எழுத்துகள், இரண்டு தடவை கோளாறு என்று நீல முகம் காட்டியது, அவர் உள்ளே எதையெதையோ மாற்றினார். கடைக்கு வெளியே பனிமூட்டம் எதிர்க்கடை தெரியாமல் இறங்கியிருந்தது. திரைக்குள் ஒரு சின்னச் சதுரத்தில் பச்சைப் புல்மேடும் நீல வானமுமாக எக்ஸ்பி விடிந்தது. செத்துப்போன பெட்டியின் அதே ஐகான்கள், அதே வரிசையில், ரேவதி சின்ன வயதில் வரைந்து விட்டுவைத்த வீட்டுப் படம்கூட ஓரமாக. நான் இத்தனை வருஷம் கோயிலில் கர்ப்பக்கிரகத் திரை விலகும்போதுகூட இப்படி வாயடைத்து நின்றதில்லை.

ஏதாவது தட்டிப் பார் என்றார் வீட்டுக்காரர். என்ன தட்டுவது? வருகிறவர்களைக் கூப்பிடுகிற வார்த்தையாக இருக்கட்டுமே என்று 'வாங்க' என்று தட்டினேன். அந்தக் கரகரத்த குரல் 'வா' என்றது. அதோடு சேர்ந்து, தூரத்தில், நீளமாக ஒரு ஊதல். திரும்பத் தட்டினேன். அதே ஊதல். எந்த வார்த்தையிலும் 'வா' வந்தால் அதுவும் வந்தது. பதிவு செய்த அன்றைக்கு அந்த எழுத்தைச் சொல்லும்போது பக்கத்திலேயே ஃபேக்டரிச் சங்கு ஊதியிருக்கிறது. மாணவர்கள் மறுபடி எடுக்கவில்லை, அவசரம்.

என் வீட்டுக்காரரின் அப்பா அதே ஃபேக்டரியில் ஃபிட்டர். அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குச் சாப்பிட்டு வளர்ந்தவர் இவர். ஃபேக்டரி பூட்டி எத்தனையோ காலமாகிறது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, தானே ஒரு தடவை 'வா' என்று தட்டிக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "ஏம்புள்ள, அந்தச் சங்கைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இங்க வந்து ஒரே ஒரு எழுத்துக்குள்ள உக்காந்திருக்குது பாரு."

நல்ல நேரத்தில் வந்த அப்டேட்

நிச்சயத்தன்று நானும் போனேன். அழைப்பு என்னவோ விருந்துக்குத்தான், ஆனால் லேப்டாப்புக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார் பாக்கியம். எடப்பள்ளியில் சின்ன வீடு. கூடம் முழுக்க ஆள். மாப்பிள்ளை வீட்டார் கூடலூரிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். கேட்கிற உரிமை மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு. கட்டையான மனிதர், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர். பெட்டி பேசுவதை அப்பாவின் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாமா என்று வேனிலேயே பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்திருந்தார்கள். சண்முகத்தின் தம்பி, தேவைப்பட்டால் தான் இருக்கிறேன் என்பதுபோல, பட்டு வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா தட்டைக் கையில் எடுத்து முதல் முறை கேட்டார். பொண்ணைத் தர்றீங்களா? இரண்டு விரல்கள் அசைந்தன. குரல், தர்றேன் என்றது. சிலர் லேப்டாப்பைப் பார்த்தார்கள், சிலர் அசையாத அவர் உதட்டைப் பார்த்தார்கள். சண்முகத்தின் ஃபேக்டரியில் கொழுந்து பறித்துப் போட்ட பெண்களும் இருந்தார்கள். அவர்கள் இரண்டையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். இரண்டாம் முறை. தர்றேன். பெரியப்பாவின் முகம் இளகியது. வேனில் நடந்த வாக்குவாதத்தில் யார் தோற்றார்கள் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

மூன்றாம் முறை கேட்க அவர் வாயைத் திறக்கும்போது, திரையின் நடுவில் பலகை மாதிரி ஒரு சதுரம் வந்து நின்றது. அப்டேட் தயார், இப்போது ரீஸ்டார்ட் செய்யலாமா என்று பதினொன்று கேட்டது. யாரோ உபகாரி போன் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்திருக்கிறார். சண்முகம் எரிச்சலோடு, அதை விலக்குவதற்காக என்டரைத் தட்டப் போனார். எனக்குப் பதறிவிட்டது. "வேண்டாம்" என்று கத்திவிட்டேன். நிச்சயத்தில், பெண்ணைத் தருகிறீர்களா என்று கேட்கிற நொடியில், அந்த வார்த்தையை. முழுக் கூடமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் விரல் இறங்கிவிட்டது.

திரை கறுத்தது. அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று வெள்ளை எழுத்தில் வந்தது. சதவிகிதம் எறும்பு மாதிரி ஏறியது. ராகுகாலம் நெருங்குகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். தம்பி எழுந்து, அண்ணனுக்குப் பதிலாகத் தானே சொல்லிவிடுகிறேன் என்றார். சண்முகம் உள்ளங்கையை உயர்த்தினார். ரோலரை நிறுத்தச் சொல்லும் கை அது, தம்பி உட்கார்ந்துவிட்டார். பாக்கியம் சுவரில் சாய்ந்தபடி, வெள்ளனவே ஆரம்பித்திருக்கலாம் என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டார். உள் அறையிலிருந்து ரேவதி, வரக்கூடாத நேரத்தில், பட்டுச்சேலையோடு நடந்து வந்து அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவளை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை.

லேப்டாப் எழுந்தது. நான் பெட்டிக்குள் பெட்டியைத் திறந்தேன். அது லேசில் வருமா? என்னை முறைப்படி அணைக்காமல் போய்விட்டீர்கள், நான் என் டிஸ்க்கை முழுக்கச் சோதித்துப் பார்க்கப் போகிறேன் என்று நீலத் திரையில் எழுதியது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். வருகிற ஒவ்வொரு வரியையும் தமிழில் உரக்கப் படித்துச் சொன்னேன். ஃபைல்கள் சரி என்றேன். பெரியப்பா தலையசைத்தார். இன்டெக்ஸ் சரி என்றேன். கொழுந்து போட்ட பெண்களில் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். கூடலூர்க்காரர்களும் எடப்பள்ளிக்காரர்களும், காலம் முடிந்துவிட்டதென்று எல்லோரும் கைவிட்ட ஒரு விண்டோஸ் தன்னைத்தானே எண்ணிச் சரிபார்த்துக்கொள்வதை, சாமி வருவதற்குக் காத்திருப்பவர்கள் மாதிரி மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

வந்தது. பெரியப்பா கடிகாரத்தை இப்போது பார்க்கவில்லை. தட்டைத் தாழ்த்தாமல் பிடித்தபடி, மூன்றாம் முறையாகக் கேட்டார். சண்முகம் தட்ட ஆரம்பித்தார். 'தர்றேன்' என்பதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் தட்டினார். கோபத்தில் ஏதாவது எழுதுகிறாரோ என்று பாக்கியம் எட்டிப் பார்க்கப் போனார். அதற்குள், எழுத்து எழுத்தாக, அந்தக் குரல் கூடத்துக்குச் சொன்னது:

"சொணங்கிப்போச்சு. ஆனா பேச்சு மாறலை. தர்றேன்."

எதெதற்கோ குறைந்தபட்சத் தகுதி என்று பெட்டி மேல் அச்சடித்து அனுப்புகிறவர்கள், ஒரு மனுஷன் சொன்ன சொல்லில் நிற்பதற்கு எத்தனை ஜிபி வேண்டும் என்பதை மட்டும் இன்னும் எந்தப் பெட்டியிலும் போடக் காணோம்.